இரண்டு சூரிய உதயங்களும் ஒரு கிராமமும்

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் கரையோர ரயிலில் கொக்கல என்றொரு சிறிய நிலையம் வருகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம், தென்னை மரங்களுக்கும் வேலிகளுக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஓர் ஏரி. ஒரு கருத்தரங்கின் பொருட்டு இலங்கை சென்றிருந்தபோது அவ்வழியே போனேன். அந்நிலையத்தில் இறங்குவதற்கு எனக்கு இருந்த காரணம் ஒரு நாவலாசிரியரின் வீடு மட்டுமே. உலக விமானப் பயண வரலாற்றின் மிக நீண்ட பயணங்கள் அந்த ஏரியோடு தொடர்புடையவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்த வீட்டின் கதையும் அந்த விமானங்களின் கதையும் ஒன்றே என்பது புரிந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. விமான வரலாற்றை எழுதுபவர்கள் சிங்கள நாவல் படிப்பதில்லை. நாவல் படிப்பவர்கள் விமானங்களை எண்ணுவதில்லை.

நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் விமானங்களை இன்று நாம் ஒரு சுற்றுலா வேடிக்கையாகவே அறிவோம். மாலத்தீவின் பவளத்திட்டுகளுக்கும் கனடாவின் வடபகுதி ஏரிகளுக்கும் அவை பறக்கின்றன. 1930களில் நிலைமை வேறு. கடல்கடந்த நெடும்பயணத்தின் முதன்மையான வாகனமாக அப்போது கருதப்பட்டது பறக்கும் படகுதான். காரணம் எளிமையானது. கனமான விமானம் எழுவதற்கு நீண்ட, உறுதியான ஓடுபாதை வேண்டும். ஓடுபாதை போடப் பணமும் ஆட்களும் வேண்டும். ஆனால் துறைமுகமும் ஆறும் ஏரியும் ஏற்கெனவே அங்கே இருந்தன. படகின் உடலை விமானத்துக்குக் கொடுத்துவிட்டால், உலகின் நீர்ப்பரப்பு முழுவதும் ஓடுபாதையாகிவிடும்.

1938இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிவரை பறக்கும் படகுச் சேவை தொடங்கியது. பாதி வழியை பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் மீதியை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் ஓட்டின. பயணம் ஒன்பது, பத்து நாட்கள். இரவில் பறப்பதில்லை, மாலையானதும் எங்காவது நீரில் இறங்கி, பயணிகளை விடுதியில் தூங்கவைத்து, விடியற்காலையில் மீண்டும் எழுவார்கள். அந்த வழித்தடத்தின் நிறுத்தங்களை வரைபடத்தில் தொட்டுக்கொண்டே போவது ஒரு தனி இன்பம். கலிலேயக் கடலில் இறங்கினார்கள். பாஸ்ராவில் இறங்கினார்கள். கராச்சியைத் தாண்டி மேவாரின் ராஜ்சமந்த் ஏரியில் இறங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் மகாராணா ராஜ்சிங் கட்டுவித்த ஏரி அது. அதன் கரையில் ஒரு முழு சமஸ்கிருதக் காவியமே கற்பலகைகளில் வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. காவியம் பொறித்த கரையருகே அலுமினியப் படகு ஒன்று வந்து நின்று எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறது. பிறகு குவாலியர், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், அதற்கப்பால் ஜாவா, திமோர், டார்வின். பேரரசின் கழுத்தில் நீர்நிலைகளால் கோத்த மாலை போல அது தோன்றியிருக்க வேண்டும்.

அந்த மாலை அறுந்தது 1942இன் முதல் மூன்று மாதங்களில்.

ஜனவரி 30 அன்று ‘கோரியோ’ என்ற குவாண்டாஸ் பறக்கும் படகு திமோரை நெருங்கியபோது ஜப்பானியப் போர் விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த பதினெட்டுப் பேரில் பதின்மூன்று பேர் இறந்தனர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அம்மாதக் கடைசியில் ‘சிர்சி’ என்ற இன்னொரு படகு, ஜாவாவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கி வருகையில், அதிலிருந்த அனைவரோடும் கடலில் மறைந்தது. மார்ச் 3 காலை, ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் உள்ள புரூம் என்ற முத்துக்குளிப்பு ஊரின் மீது ஒன்பது ஜீரோ விமானங்கள் பாய்ந்தன. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்களைச் சுமந்த பறக்கும் படகுகள் அப்போது விரிகுடாவில் நின்றிருந்தன. பெண்களும் குழந்தைகளும் அவற்றினுள்ளேயே இருந்தனர். கரைக்குப் போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். புரூமில் கடலேற்றமும் வற்றமும் பத்து மீட்டர்வரை மாறக்கூடியவை. நினைத்த நேரத்தில் கரையேற முடியாது. பதினைந்து பறக்கும் படகுகளும் அழிந்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ தொண்ணூறு பேர். பலருடைய பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்றும் கடல் மிக ஆழமாக வற்றும் நாட்களில் அந்தச் சேற்றில் நடந்துபோய் எஞ்சிய உலோக எலும்புக்கூடுகளைக் காணலாம்.

ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த வான்வழி இவ்வாறு துண்டிக்கப்பட்டது. வரைபடத்தைப் பார்த்தால் மிஞ்சியிருந்த வழி ஒன்றுதான் என்பது தெரியும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து இந்துமாக்கடலை ஒரே தாவலில் கடந்து இலங்கையைத் தொட வேண்டும். தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். நடுவில் இறங்குவதற்கு இடமில்லை.

இலங்கையில் அதற்குப் பொருத்தமாக இருந்த நீர்நிலைகளுள் ஒன்று கொக்கல ஏரி. ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழம் அதிகமில்லை, கடலை ஒட்டியிருந்தாலும் அலையற்றது. சிறு தீவுகள் சில அதில் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளம் அமைத்துக்கொண்டது. இந்தத் தளத்துக்கு உலகப் போர் வரலாற்றில் இடம் பெற்றுத் தந்த முதல் நிகழ்ச்சி 1942 ஏப்ரல் 4 அன்று நடந்தது. கனடிய விமானப்படையின் லெனர்ட் பர்ச்சால் என்ற அதிகாரி இரண்டு நாட்களுக்கு முன்புதான் கொக்கலவுக்கு வந்து சேர்ந்திருந்தார். அன்று தம் காட்டலினா விமானத்தில் தென்கிழக்கே ரோந்து சென்றார். மாலையில் திரும்பவிருந்த வேளையில் தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் பார்த்தால், பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. செய்தியை மும்முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுடப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பர்ச்சால் உள்ளிட்ட அறுவர் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறைகளில் வாடினர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. ஆனால் துறைமுகத்தில் இருந்த கப்பல்களில் பல முன்கூட்டியே வெளியேறியிருந்தன. ஏப்ரல் 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டது. இலங்கையைக் காத்தவர் என்ற பட்டம் பர்ச்சாலுக்கு நிலைத்துவிட்டது.

காட்டலினா அமெரிக்கத் தயாரிப்பு. இரண்டு இஞ்சின்கள், தலைக்கு மேல் குடை பிடித்தாற்போன்ற இறக்கை, பின்பக்கம் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள். அழகு என்று சொல்ல முடியாது. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய ஊர்ந்து செல்லும். ஆனால் சளைக்காமல் பறக்கும். (சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியிலும் போர்க்காலத்தில் இதே விமானங்கள் இறங்கி எழுந்தன. அந்த ஏரித் தண்ணீரைக் குடிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

1943இல் பிரிட்டன் தனக்குக் கிடைத்திருந்த காட்டலினாக்களில் ஐந்தை குவாண்டாஸிடம் ஒப்படைத்தது. ஜூன் மாத இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலுமாக, பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றங்கரையில் உள்ள நெட்லண்ட்ஸுக்கும் கொக்கலவுக்கும் இடையே சேவை தொடங்கியது. விமானத்தில் பயணத்துக்கு இன்றியமையாதவை தவிர மற்ற அனைத்தையும் கழற்றி எறிந்தார்கள். குளிரைத் தடுக்கும் உட்பூச்சுகூட இல்லை. அந்த இடத்தில் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 9,000 லிட்டர். அனுமதிக்கப்பட்ட எடையைவிட மிக அதிகமான பாரத்தோடு, சுமார் பதினாறு டன்னாக, ஆற்றை உழுதுகொண்டு அது மேலெழ வேண்டும். முதல் பல மணி நேரத்துக்குள் ஓர் இஞ்சின் பழுதானால் மற்றொன்றைக் கொண்டு உயரத்தைக் காக்க முடியாது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். பயணிகள் அதிகபட்சம் மூவர். அஞ்சல் 69 கிலோ. ஆயுதம் கிடையாது. எண்ணெயின் எடை எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

வானொலியை வாய் திறக்கவிட முடியாது, ஜப்பானியர் கேட்டுவிடுவார்கள். ஆகவே வழி காண்பதற்கு விண்மீன்கள்தான் துணை. பொருத்தமாகவே அந்த ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரஸ், ஸ்பைகா. இப்பெயர்கள் நமக்கு அயலானவை என்று எண்ண வேண்டியதில்லை. ஆல்டேர் நம் திருவோணம். ஸ்பைகா சித்திரை. அன்டாரஸ் கேட்டை. வேகா, இருபத்தேழு நட்சத்திர வரிசையிலிருந்து விடுபட்டுப்போன அபிஜித். ரைஜெலுக்கு மட்டும் நம் பஞ்சாங்கத்தில் இடமில்லை. ஓரையன் தொகுதியின் தோளில் திருவாதிரை இருக்க, அதன் காலில் இருப்பது ரைஜெல். ஒரு திருவோணமும் ஒரு கேட்டையும் மாறி மாறி இந்துமாக்கடலைக் கடந்துகொண்டிருந்தன என்று நினைத்துப் பார்க்கும்போது, இந்தப் போர்க்கதை எனக்கு எதிர்பாராத விதத்தில் நெருக்கமாகிவிட்டது.

பகைவரின் விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருளில் கடக்கும்படி புறப்பாட்டு நேரத்தைக் கணித்தார்கள். காற்றைப் பொறுத்து 27 மணியிலிருந்து 33 மணிவரை ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பயணி காண்பார். அதனால் ‘இரட்டைச் சூரிய உதயம்’ என்ற பெயர் வந்தது. கடந்து முடித்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியக் கழகம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழும் வழங்கினார்கள். மரணத்தின் விளிம்பில் முப்பது மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு விளையாட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும் மனநிலை ஆங்கிலேய மரபுக்கே உரியது என்று நினைக்கிறேன்.

1945 ஜூலையில் காட்டலினாக்கள் ஓய்ந்தபோது 271 கடப்புகள் முடிந்திருந்தன. ஒரு விமானமும் விழவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. 2018 மார்ச்சில் குவாண்டாஸ் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிறுத்தமில்லாத சேவையைத் தொடங்கியபோது, அந்த 14,498 கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் பதினேழு மணி நேரமே பிடித்தது. தூரத்தில் பெரிது அது. ஆனால் எங்கும் இறங்காமல் வானிலேயே கழிந்த நேரத்தைக் கணக்கிட்டால், கொக்கல ஏரியின் சாதனையை எந்தப் பயணிகள் சேவையும் இன்றுவரை முந்தவில்லை.

சாதனை படைத்த விமானங்களுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கடன்–குத்தகை ஒப்பந்தத்தின்படி போர் முடிந்ததும் அவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டும், இல்லையேல் திருப்பித்தர வேண்டும், அதுவும் இல்லையேல் அழிக்க வேண்டும். அழித்தார்கள். பெர்த்துக்கு எதிரே உள்ள ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் நான்கும், சிட்னிக்கு அப்பால் ஒன்றுமாகக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

இதுவரை சொன்னது எல்லாம் விமான நூல்களில் ஏதோ ஒரு வடிவில் கிடைக்கக்கூடியதே. நான் சொல்ல வந்தது ஏரியைப் பற்றியதல்ல. அதன் கரையைப் பற்றியது.

கொக்கல வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே ஒரு கிராமம் இருந்தது. தோட்டங்களும் விகாரையும் தென்னைநார் ஊறவைக்கும் குழிகளும் மீன்பிடி வள்ளங்களும் இருந்தன. தளம் வந்தபோது கிராமத்தார் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. போர்க்காலத்தில் எல்லா நாடுகளிலும் நடப்பதுதான் இது. எதிரி வாசலில் நிற்கும்போது நியாயம் பேச முடியாது என்பார்கள். பர்ச்சாலின் ஒரு செய்தி எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை எண்ணினால் அந்த வாதத்தை நான் எளிதில் ஒதுக்கிவிடவும் மாட்டேன். ஆனால் எத்தனை விமானங்கள், எத்தனை கடப்புகள், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ என்றெல்லாம் கணக்கு வைத்த வரலாறு, எத்தனை வீடுகள் என்ற கேள்வியை ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

அந்தக் கிராமத்தில், மலலகம என்னும் பகுதியில், 1890இல் பிறந்தவர் மார்ட்டின் விக்கிரமசிங்க. நவீன சிங்கள இலக்கியத்தின் முதன்மையான பெயர். தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ரஷ்ய நாவலாசிரியர்களின் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் வாசகர்களிடம், முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள மொழியின் நாவலாசிரியர் ஒருவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கிறது. என் வகுப்பறை அனுபவம் அது.

1940இல் அவர் ‘அபே கம’ என்ற நூலை வெளியிட்டார். ‘நமது கிராமம்’ என்று பொருள். தாம் சிறுவனாக அறிந்த கொக்கலவின் மனிதர்கள், பழக்கவழக்கங்கள், மரங்கள், நீர் ஆகியவற்றைப் பற்றிய நினைவுப் பதிவு. அதை எழுதியபோது கிராமம் அங்கேதான் இருந்தது. காலம் மெல்ல அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பதிந்துவைப்பதாகவே அவர் நினைத்திருப்பார். சில ஆண்டுகளுக்குள் அந்நூல் இல்லாத ஓர் ஊரின் பதிவாகிவிட்டது.

1944இல் ‘கம்பெரலிய’ வெளிவந்தது. தமிழில் ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் எம்.எம். உவைஸ் மொழிபெயர்த்திருக்கிறார். தென்னிலங்கைக் கிராமத்தின் ஒரு பெரிய வீடும் அதன் குடும்பமும் படிப்படியாகச் சரிவதையும், வணிகத்தால் எழுந்துவரும் புதிய மனிதர்கள் அவர்கள் இடத்தைப் பிடிப்பதையும் சொல்லும் நாவல். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார். 1965இல் டெல்லி உலகத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது. நாவலில் விமானமும் இல்லை, போரும் இல்லை. கதை நடப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அங்கே கிராமம் பிறழ்வது ஓசையில்லாமல்: ஒரு கடன், ஒரு மறுக்கப்பட்ட திருமணம், பழுதுபார்க்கப்படாத ஒரு கூரை. ஆனால் அந்த நூல் அச்சாகி வந்த ஆண்டில், அதன் மூலமான மண்ணிலிருந்து ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறையேனும் ஒரு விமானம் இரகசியமாக எழுந்துகொண்டிருந்தது. போர்க்காலத் தணிக்கையின் கீழ் எந்தப் பத்திரிகையும் அதை எழுத முடியாது. விக்கிரமசிங்க அப்போது ‘தினமின’ நாளிதழின் ஆசிரியர். நாட்டின் செய்திகளையெல்லாம் மேசையில் வைத்திருந்தவர், தம் சொந்த ஊரின் செய்தியை அச்சிட முடியாத நிலையில் இருந்தார். நாவலின் நிதானத்தை இந்தப் பின்னணியோடு சேர்த்து நான் படித்தபோது, அது வேறொரு நூலாகத் தெரிந்தது. கிராமம் மாறுவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும் என்று நாவல் நம்புகிறது. வெளியே அது சில நாட்களில் முடிந்துவிட்டிருந்தது.

1947இல் ‘மடொல் தூவ’. உபாலி என்ற குறும்புக்காரச் சிறுவனும் அவன் தோழன் ஜின்னாவும் ஊரைவிட்டு ஓடி, ஆளற்ற ஒரு தீவில் காடு வெட்டிப் பயிர் செய்து வாழும் கதை. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் புத்தகம். அந்தத் தீவு கற்பனையன்று. கொக்கல ஏரியில் இன்றும் இருக்கிறது. போர் விமானங்களின் அலையடித்துக்கொண்டிருந்த நீரை, போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், துடுப்பு போடும் இரண்டு சிறுவர்களிடம் அவர் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் வாசிப்பு மட்டுமே. அவர் அப்படி நினைத்து எழுதினார் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை.

இடிபட்ட வீடுகளுக்கிடையே விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு தப்பியது. அதைப் பிற்காலத்தில் செப்பனிட்டு, சுற்றிலும் ஒரு நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். மீன்பிடிக் கூடைகள், உழுகருவிகள், பொம்மலாட்டப் பாவைகள், பலவகை விளக்குகள், மாட்டுவண்டிகள். 1976இல் மறைந்த விக்கிரமசிங்க அந்த வளாகத்திலேயே துயில்கிறார். தளமாக இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1990களில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வந்தது. விமானப்படையின் ஓடுபாதையும் அருகில் உண்டு.

நான் போன அன்று மழை. அருங்காட்சியகத்தில் என்னையும், சீருடையில் வந்திருந்த ஒரு பள்ளிக் கூட்டத்தையும் தவிர யாருமில்லை. வீட்டின் முன்னறை சிறியது; தரை குளிர்ந்திருந்தது. பிள்ளைகளில் ஒருத்தி வாசலில் நின்றுகொண்டு, மடொல் தூவ எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டாள். அவளுடைய சிங்களத்தில் அந்தப் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. அவர் குடையை மடக்கி, மரங்களுக்கு அப்பால் ஏரி இருக்கும் திசையை அதன் நுனியால் காட்டினார்.